பிலிப் மேடக் என்ற வெல்ஷ் குணச்சித்திர நடிகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலிருந்து 1990கள் வரையிலான பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். ஆழ்ந்த குரல், அசையாத பார்வை, கூர்மையான உச்சரிப்பு. ஒரு தொடரில் ஜெர்மன் அதிகாரி, அடுத்ததில் பைத்தியக்கார அறுவை மருத்துவர், இன்னொன்றில் பிரிட்டிஷ் பிரதமர். பெயர் மட்டும் சட்டென்று நினைவுக்கு வராது. அவர்தான் பிலிப் மேடக். அவரைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

யார் இவர்?

1934 ஜூலை 5 அன்று தெற்கு வேல்ஸின் மெர்த்தர் டிட்வில் நகரத்தை ஒட்டிய ட்வின்-அர்-ஓடின் என்ற இடத்தில் பிறந்தவர். மெர்த்தர் ஒரு காலத்தில் உலகின் பெரிய இரும்பு உருக்கு நகரங்களில் ஒன்று. அவர் படித்த கவார்த்வா கிராமர் பள்ளி, 1820களில் இரும்பாலை முதலாளி வில்லியம் க்ராஷே தனக்காகக் கட்டிய கோட்டை மாளிகையில் இயங்கியது. ஆலைகள் ஓய்ந்த பிறகு நகராட்சி அந்த மாளிகையை வாங்கி, ஒரு பகுதியை அருங்காட்சியகமாகவும் ஒரு பகுதியைப் பள்ளியாகவும் ஆக்கியது. அதன் பின் கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரி, வியன்னா பல்கலைக்கழகம், கடைசியாக லண்டன் கோவர் தெருவில் உள்ள ராடா நாடகப் பள்ளி. 2012 மார்ச் 5 அன்று 77 வயதில் மறைந்தார்.

மேடக் என்பது இயற்பெயரா?

இல்லை. இயற்பெயர் பிலிப் ஆர்வன் ஜோன்ஸ். வேல்ஸில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் என்ற ஒருசில குடும்பப் பெயர்கள் ஊர் முழுக்க இருக்கும். ஒரே தெருவில் நான்கு ஜோன்ஸ் இருந்தால் தொழிலைச் சேர்த்து 'பால்கார ஜோன்ஸ்', 'ரொட்டி ஜோன்ஸ்' என்று பிரித்துச் சொல்வது வழக்கம். பிரிட்டனின் நடிகர் சங்கமான ஈக்விட்டியோ, ஏற்கெனவே ஓர் உறுப்பினர் வைத்திருக்கும் தொழிற்பெயரை இன்னொருவருக்குத் தராது. அதனால் வெல்ஷ் நடிகர்கள் பலர் ஊர்ப் பெயரையோ பழைய வெல்ஷ் பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். மேடக் அல்லது மாடோக் என்ற பெயர், 12ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து அமெரிக்கா போனதாகக் கதை சொல்லும் வெல்ஷ் இளவரசனின் பெயரும்கூட.

ரூத் மேடக் இவருக்கு என்ன உறவு?

முதல் மனைவி. 1961இல் திருமணம், 1981இல் மணமுறிவு. 1980களில் 'ஹை-டி-ஹை' என்ற நகைச்சுவைத் தொடரில் விடுமுறை முகாமின் ஒலிபெருக்கிக்காரி கிளாடிஸாக வந்து புகழ்பெற்றவர் ரூத். மணமுறிவுக்குப் பிறகும் தொழிலில் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டார்.

இந்த வெல்ஷ் பெயர்களை எப்படிச் சொல்வது?

எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் போலப் படித்தால் தவறாகிவிடும். வெல்ஷ் மொழியில் ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு 'வ' ஒலி. இரட்டையாக வந்தால்தான் 'ஃப' ஒலி. இரட்டை 'டி' எழுத்துக்கு, 'பாதை' என்று சொல்லும்போது நடுவில் வரும் மெல்லிய 'த' ஒலி. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்.

தமிழர்களுக்குச் சவால் இரட்டை 'எல்' எழுத்து. 'ல' சொல்ல நாக்கை எங்கே வைப்போமோ அங்கேயே வையுங்கள். குரலை நிறுத்திவிட்டு நாக்கின் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதுங்கள். வருவதுதான் அந்த ஒலி. லாய்ட், லனெல்லி, லனஸ்டம்டுய் என்று நாம் தமிழில் எழுதும்போது தொலைந்துபோவதும் அதுதான். 'ழ' வராதவர்கள் தமிழை 'தமில்' என்றால் நமக்கு எப்படி இருக்குமோ, 'லனெல்லி'யின் ஊதொலியை வெறும் 'ல' ஆக்கும்போது வெல்ஷ்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்கிறார்களே?

ஆம். அவரது நடிப்புக்கான சாவி அதில்தான் இருக்கிறது. வியன்னாவில் வாய்மொழி பெயர்ப்பைப் பயின்று ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டுத்தான் ராடாவுக்கு வந்தார். ஏழு மொழிகள் பேசுவார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் குறிப்பிடும் செய்தி.

வாய்மொழி பெயர்ப்பாளர் செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை முழுக்கக் கேட்க வேண்டும். சொல்லை மட்டும் அல்லாமல், எந்த இடத்தில் அழுத்தினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் பிடிக்க வேண்டும். பிறகு அதைத் தன் கருத்து கலக்காமல் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மேடக்கின் காட்சிகளில் அவர் பேசாத நொடிகளைக் கவனியுங்கள். பார்வை எதிராளியின் மேல் நிலைத்திருக்கும், முகத்தில் எதுவும் ஓடாது, பதில் அரை நொடி தாமதமாக வரும். அந்த அரை நொடியில்தான் பயம் பிறக்கிறது. புருவத்தை நெரித்து மிரட்டும் நடிகர்களுக்கு அது கைவராது.

ஏன் இவருக்கு எப்போதும் ஜெர்மானியர், ரஷ்யர், வில்லன் வேடங்கள்?

அன்றைய லண்டன் தொலைக்காட்சியில் வெல்ஷ் உச்சரிப்போடு ஒருவர் வந்தால் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளி, மதபோதகர், அல்லது வளவளவென்று பேசும் சிரிப்பு நடிகர். மேடக் போன்ற கறுத்த முடியும் கூரிய முகமும் கொண்டவருக்கு, அதிலும் ஜெர்மன் சரளமாக வருபவருக்கு, போர்க்காலத் தொடர்கள் கதவைத் திறந்தன. 1970இல் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் ஒளிபரப்பிய 26 பகுதித் தொடரான 'மேன்ஹன்ட்'டில் நாஜி உளவுத்துறை அதிகாரி லுட்சிக். 'தி அவெஞ்சர்ஸ்' என்ற பிரிட்டிஷ் உளவுத் தொடரில் ஐந்து முறை வெவ்வேறு ஆள். 1971இல் பிபிசியின் 'தி லாஸ்ட் ஆஃப் தி மொஹிகன்ஸ்' தொடரில் பழிவாங்கத் துடிக்கும் ஹூரன் வீரன் மகுவா. இந்த வேடத்தை இன்று பூர்வகுடி நடிகர் ஒருவருக்குத்தான் தருவார்கள், தரவும் வேண்டும். 1985இல் 'ஜீனா' படத்தில் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கி.

ஜெர்மன் உச்சரிப்பை அவர் செய்யும் விதம் தனியாகப் பார்க்க வேண்டியது. மற்ற நடிகர்கள் எழுத்தை மட்டும் மாற்றுவார்கள், கேலிச்சித்திரம் ஆகிவிடும். உண்மையான ஜெர்மன் சாயல் இரண்டு இடங்களில் இருக்கிறது. சொல்லின் கடைசியில் வரும் மெல்லொலி வல்லொலியாகும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை முந்தைய சொல்லோடு ஒட்டாமல் தொண்டையில் வெட்டித் தொடங்குவார்கள். நாம் பேச்சில் சொற்களைப் புணர்த்தி வழுக்கிக்கொண்டு போவோமே, அதற்கு நேர் எதிர். மேடக் இந்த வெட்டுகளைச் சரியான இடத்தில் வைப்பதால் வேறெதையும் மிகைப்படுத்தத் தேவையில்லாமல் போனது.

'டாட்ஸ் ஆர்மி'யில் ஒரே ஓர் அரைமணி நேரம் வந்தவரை ஏன் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

'டாட்ஸ் ஆர்மி' இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஊர்க்காவல் படைக் கிழவர்களைப் பற்றிய பிபிசி நகைச்சுவைத் தொடர். ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதியது. 1973 அக்டோபர் 31 அன்று ஆறாம் பருவத்தின் முதல் பகுதியாக 'தி டெட்லி அட்டாச்மென்ட்' வந்தது. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஆட்களை ஒரு இரவு முழுக்கக் காவல் காக்கும் பொறுப்பு, கேப்டன் மேன்வாரிங்கின் படைக்கு வருகிறது. அந்த ஜெர்மன் கேப்டன்தான் மேடக். மேன்வாரிங் என்ற பெயரை 'மேனரிங்' என்றே சொல்வார்கள்.

கைதி கேப்டன் ஒரு குறிப்பேட்டில் தன்னை அவமதிப்பவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறான். போரில் ஜெயித்ததும் கணக்குத் தீர்ப்பானாம். படையின் இளையவன் பைக், ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன என்று கேட்கிறான் ஜெர்மானியன். உடனே மேன்வாரிங் கத்துகிறார்: "அவனிடம் சொல்லாதே, பைக்!" பெயர் போய்விட்டது.

ஆங்கில நகைச்சுவையின் மிகப் பெரிய சிரிப்புகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். பாராட்டு, மேன்வாரிங்காக நடித்த ஆர்தர் லோவுக்குப் போவது நியாயம். ஆனால் மேடக் அந்தக் காட்சியை நகைச்சுவையாக நடிக்கவே இல்லை. குறிப்பேட்டில் எழுதும் கை நிதானமாக இருக்கிறது, கேள்வி அலுவலக விசாரணை போல வருகிறது. அவர் கண் சிமிட்டியிருந்தால், இரண்டு கோமாளிகள் பேசிக்கொள்வதாகப் போயிருக்கும். ஒருவன் உண்மையாகவே ஆபத்தானவன் என்பதால்தான் மற்றவர் உளறுவது சிரிப்பாகிறது. இதே பகுதியில் உருளைக்கிழங்கு வறுவல் சொத சொதவென்று இருக்கக் கூடாது, மொறுமொறுப்பாக வேண்டும் என்று அவர் கட்டளையிடும் இடமும் உண்டு. போர் ஆணை பிறப்பிக்கும் அதே குரலில்தான் அதையும் சொல்வார்.

'டாக்டர் ஹூ'வில் எத்தனை கதைகளில் வந்தார்?

பிபிசியின் இந்த அறிவியல் புனைகதைத் தொடரில் நான்கு, எல்லாமே வேறு வேறு பாத்திரங்கள்:

- தி க்ரோட்டன்ஸ், 1968 டிசம்பர் – 1969 ஜனவரி: அதிகாரப் பசி கொண்ட ஈலெக்.
- தி வார் கேம்ஸ், 1969 ஏப்ரல் – ஜூன்: போர்த்தலைவன்.
- தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ், 1976 ஜனவரி: அறுவை மருத்துவர் சோலன்.
- தி பவர் ஆஃப் க்ரோல், 1978 டிசம்பர் – 1979 ஜனவரி: ஃபென்னர் என்ற சிறு வேடம்.

இவை போக, பீட்டர் குஷிங் நடித்த 1966ஆம் ஆண்டு 'டாக்டர் ஹூ' திரைப்படத்தில் கள்ளச்சந்தைக்காரன் ப்ராக்லி. அந்தக் காலப் பகுதிகள் பலவற்றின் நாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. நல்லவேளையாக இவர் வரும் நான்கு கதைகளும் முழுதாக இருக்கின்றன.

இந்த நான்கில் 'தி வார் கேம்ஸ்'தான் உச்சம். பூமியின் வெவ்வேறு போர்களிலிருந்து வீரர்களைக் கடத்தி வந்து ஒரு படை திரட்டும் கூட்டத்தின் தலைவன். தடித்த கண்ணாடி, சிறு தாடி, உரத்துப் பேசாத குரல். அவனுக்குக் கீழே உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும்போது, கதையின் பிற்பகுதியில் உள்ளே வரும் இவன் குரலைத் தாழ்த்தியே எல்லோரையும் அடக்குகிறான். சோலன் வேறு மாதிரி. விபத்தில் செத்த உயிரினங்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டு உடல் செய்து, அதற்கு ஒரு தலை தேடுகிறான். எழுத்தில் பார்த்தால் கேலிக்கூத்து. மேடக்கோ தன் வேலையை உலகம் மதிக்கவில்லை என்று புழுங்கும் மருத்துவராகவே அவனை நம்புகிறார்.

1969க்கும் 1976க்கும் இடையில் அவர் நடிப்பு மாறியதா?

மாறியது பதிவு முறைதான். 1969இல் 25 நிமிடப் பகுதி ஒன்றுக்கு ஒரு வாரம். சில நாட்கள் ஏதாவது ஒரு கூடத்தில் ஒத்திகை. தரையில் நிற நாடா ஒட்டி 'இது சுவர், இது கதவு' என்று காட்டுவார்கள். கடைசி நாள் ஸ்டுடியோவில் கேமராக்களோடு ஒத்திகை, மாலையில் பதிவு. பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, காட்சிகள் பெரும்பாலும் கதை வரிசையிலேயே போகும். வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவான வேலை என்பதால் இடைநிறுத்தங்கள் மிகக் குறைவு. யாராவது வசனத்தை மறந்தால் எதிரில் இருப்பவர் சமாளித்து இழுத்துப் போக வேண்டும். இரவு பத்து மணி ஆனால் விளக்கு அணைந்துவிடும், மீறினால் கூடுதல் கூலி. இது கிட்டத்தட்ட மேடை நாடகம். மேடையில் பழகியவர்கள் ஜெயித்ததற்கும், பழைய தொடர்களில் சிறு தடுமாறல்கள் அப்படியே இருப்பதற்கும் காரணம் இதுதான்.

1976க்குள் ஒரு அரங்க அமைப்பில் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. கதை வரிசை கலையும். நான்காம் பகுதியின் வெறியை முதல் பகுதியின் அமைதிக்கு முன்னால் நடிக்க வேண்டி வரலாம். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, பாத்திரம் தொடக்கத்திலேயே உச்சத்தில் நின்றுவிடுவது. சோலனை நான்கு பகுதிகளும் தொடர்ந்து பாருங்கள்: கிறுக்கு படிப்படியாகத்தான் ஏறுகிறது.

லாய்ட் ஜார்ஜ் தொடரில் என்ன சிறப்பு?

இருபது ஆண்டு வெளிநாட்டுக்காரராக நடித்தவருக்கு 1981இல்தான் தன் நாட்டுக்காரர் ஒருவரின் முழு வாழ்க்கை கிடைத்தது. 'தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் டேவிட் லாய்ட் ஜார்ஜ்', பிபிசி வேல்ஸ் தயாரித்த ஒன்பது பகுதித் தொடர். எழுதியவர் எலைன் மோர்கன், இயக்கியவர் ஜான் ஹெவின். 1916 முதல் 1922 வரை பிரதமராக இருந்த லாய்ட் ஜார்ஜ் பிறந்தது மான்செஸ்டரில், வளர்ந்தது வடமேற்கு வேல்ஸின் லனஸ்டம்டுய் கிராமத்தில். வெல்ஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே பிரிட்டிஷ் பிரதமர் அவர்.

சிக்கல் எங்கே என்றால், மேடக் தெற்கத்திக்காரர், பாத்திரம் வடக்கத்திக்காரர். இரண்டு பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சுக்கும் நாகர்கோவில் பேச்சுக்கும் உள்ள அளவுக்கு விலகி நிற்கும். 'இப்போது' என்பதற்கு வடக்கில் 'ரூஅன்', தெற்கில் 'நவுர்'. பாலுக்கு வடக்கில் 'லெவ்ரித்', தெற்கில் 'லைத்'. வடக்கில் நாக்கைப் பின்னிழுத்துச் சொல்லும் ஓர் உயிரொலி தெற்கில் சாதாரண 'இ' ஆகிவிடும். ஆங்கிலத்தில் வசனம் பேசும்போதும் இந்த வேறுபாடு ஒட்டிக்கொண்டே வரும். லண்டன் காதுக்கு எல்லாம் ஒன்றுதான், வேல்ஸில் உள்ளவர்களுக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று மேடைப் பேச்சு. லாய்ட் ஜார்ஜை வளர்த்தவர் தாய்மாமன் ரிச்சர்ட் லாய்ட். செருப்புத் தைக்கும் தொழிலாளி, பாப்டிஸ்ட் சபையில் ஊதியம் வாங்காத போதகர். வெல்ஷ் சபைகளின் பிரசங்கத்தில் பேச்சு மெல்ல மெல்ல ஏறிப் பாட்டாகவே மாறும் ஒரு கட்டம் உண்டு, 'ஹூயில்' என்பார்கள். லாய்ட் ஜார்ஜின் அரசியல் பேச்சுக்கு வேர் அங்கேதான். முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போனால் அது வெறும் கூச்சல். தாழ்வாகத் தொடங்கி, கூட்டத்தின் மூச்சைக் கேட்டு, படியாக ஏற வேண்டும். மேடக்கின் ஆழ்ந்த குரல் இதற்கென்றே வாய்த்தது. பெண்கள் விஷயத்தில் லாய்ட் ஜார்ஜின் ஏமாற்றுகளையும் தொடர் மறைக்கவில்லை. மனைவி மார்கரெட்டாக லிசபெத் மைல்ஸ், செயலரும் காதலியுமான ஃபிரான்சஸ் ஸ்டீவன்சனாக கிகா மார்க்கம்.

தொடரின் முகப்பு இசையாக வந்த எனியோ மோரிக்கோனேயின் 'கி மாய்', அந்த ஆண்டு பிரிட்டிஷ் இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அது இந்தத் தொடருக்காக எழுதப்பட்டதில்லை. 1970களின் தொடக்கத்தில் ஓர் இத்தாலியப் படத்துக்காக அமைத்தது.

ஒரே துப்பறியும் தொடரை இரண்டு மொழியில் எடுத்தார்களாமே, எப்படி?

வெல்ஷ் மொழி அலைவரிசையான எஸ்4சி 1982 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அதற்காக எடுத்த தொடர் 'அர் ஹெலியூர்', அதாவது வேட்டைக்காரர். ஆங்கிலத்தில் 'எ மைண்ட் டு கில்'. 1994 முதல் 2002 வரை வந்தது. துப்பறியும் தலைமைக் காவல் ஆய்வாளர் நோயல் பெய்ன் வேடத்தில் மேடக். உடன் ஜிலியன் எலிசா, ஷேரன் மோர்கன், மகளாக ஃபியான் வில்கின்ஸ். வெல்ஷ் பேசும் பார்வையாளர்கள் சில லட்சம் பேர்தான். அவர்களை மட்டும் நம்பி அவ்வளவு செலவில் குற்றத்தொடர் எடுக்க முடியாது. ஆங்கிலப் பதிப்பு இருந்தால் வெளியே விற்கலாம். எனவே டப்பிங் செய்யாமல் இரண்டு முறை நடித்தார்கள்.

இந்த அடுத்தடுத்துப் படமாக்கும் முறை வேல்ஸில் பொதுவாக இப்படி நடக்கும். ஒரு காட்சிக்கு ஒளியும் கேமராவும் ஒருமுறை அமைப்பார்கள். ஒரு மொழியில் எடுத்து முடித்ததும், எதையும் நகர்த்தாமல், நடிகர்கள் பழைய இடத்துக்குப் போய் மறுமொழியில் அதையே நடிப்பார்கள். பிறகுதான் அடுத்த கோணம். வசனம் இல்லாத காட்சிகளை, கார் போவது, பிணத்தைக் கண்டெடுப்பது போன்றவற்றை, ஒரே முறை எடுத்து இரண்டுக்கும் பயன்படுத்தலாம். சுவரில் தொங்கும் அறிவிப்பு, செய்தித்தாள் தலைப்பு போன்றவை கண்ணில் பட்டால் மாற்ற வேண்டும்.

அதில் என்னவெல்லாம் தவறிப்போகும்?

முதலாவது, அசைவின் நேரம். வெல்ஷில் வினைச்சொல் வாக்கியத்தின் முன்னால் வரும். 'போனான் பெய்ன் வீட்டுக்கு' என்பது போல. ஆங்கிலத்தில் ஆள் முதலில், வினை பிறகு. எந்தச் சொல்லில் கோப்பையை மேசையில் வைக்கிறோம் என்பது மொழிக்கு மொழி மாறும். வெல்ஷில் சரியாக விழுந்த அசைவை ஆங்கிலத்தில் அப்படியே செய்தால் முக்கியச் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ தட்டிப்போகும். நடிகர் இரண்டு தாளங்களைத் தனித்தனியாக மனதில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மரியாதை. வெல்ஷில் 'டீ', 'கீ' என்று இரண்டு உண்டு, நம் 'நீ', 'நீங்கள்' போல. இரண்டாவதன் முதலொலி தொண்டையில் உரசி வரும். விசாரணை அறையில் அதிகாரி சட்டென்று 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்கினால் நமக்கு முதுகு நிமிரும். வெல்ஷ் பதிப்பில் ஒரு சொல் செய்யும் அந்த வேலையை ஆங்கிலத்தில் பார்வையோ மௌனமோ நாற்காலியை இழுப்பதோதான் செய்ய வேண்டும். இப்படியொரு தொடரின் இரண்டு பதிப்புகளையும் தமிழர் பார்த்தால், ஆங்கிலேயருக்குப் பிடிபடாத இந்த வேறுபாடு உடனே பிடிபடும்.

மூன்றாவது, சொல்லின் முதலெழுத்து மாறுவது. கார்டிஃப் நகரம் வெல்ஷில் 'கைர்டீத்'. 'கார்டிஃபுக்கு' என்றால் முதல் ஒலி, 'சங்கம்' என்பதில் வரும் மெல்லிய 'க' ஆகும். 'கார்டிஃபில்' என்றால் மூச்சு கலந்த 'ங' ஆகும்: 'அங் ஙைர்டீத்'. வசனத்தை மனப்பாடம் செய்து வரும் நடிகர் இதில் வழுக்கினால் பார்வையாளர் காதில் உறுத்தும். திருத்தி மறுபடி எடுக்க வேண்டும், நேரம் போகும்.

நான்காவது, களைப்பு. நாள் ஒன்றுக்கு நடிக்கும் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இரண்டாவதாக எடுக்கும் மொழியில் காட்சி உயிரற்றுப் போவது இந்த முறையின் நிரந்தர ஆபத்து. மொழிகளுக்கிடையே தாவுவதைத் தொழிலாகவே செய்தவர் இதில் தாக்குப்பிடித்ததில் வியப்பில்லை. அவர் செய்த வேடங்களிலேயே அவருக்கு மிகப் பொருத்தமானது பெய்ன்தான் என்பது எங்கள் கருத்து, டாக்டர் ஹூ ரசிகர்கள் மறுத்தாலும்.

மேடை, வானொலிப் பணிகள்?

மேடையில் ஷேக்ஸ்பியரின் இயாகோ, ஒதெல்லோ இரண்டையும், டாக்டர் ஃபாஸ்டஸையும் செய்திருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ட்ரெவர் நன் இயக்கிய 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் மாறுவேடத்தில் திரியும் கோமகன். 'தி ப்ளூ ஏஞ்சல்' நாடகத்தில் பாடகியிடம் மனதைப் பறிகொடுத்துச் சீரழியும் ஆசிரியர். பிபிசி வானொலியில் 12ஆம் நூற்றாண்டுத் துறவி கேட்ஃபெல்லாக வந்தார். கேட்ஃபெல் இங்கிலாந்து மடத்தில் வாழும் வெல்ஷ்காரர். தொலைக்காட்சியில் அந்தப் பாத்திரத்தை டெரெக் ஜேக்கபி செய்தார், அருமையாகவே செய்தார். ஆனால் எல்லையோர வெல்ஷ்காரனின் குரல் வேண்டுமென்றால் வானொலிப் பதிப்பைத்தான் கேட்க வேண்டும்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் 'தி டெட்லி அட்டாச்மென்ட்'. பிடித்திருந்தால் 'தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்', நான்கு பகுதிகள், மொத்தம் நூறு நிமிடம். பிறகு பத்துப் பகுதி 'தி வார் கேம்ஸ்'. அதை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். வாரம் ஒன்றாகப் பார்க்க எழுதியது, நாளுக்கு இரண்டு போதும். 'எ மைண்ட் டு கில்' தேடும்போது வெல்ஷ் தலைப்பிலும் தேடுங்கள். இரண்டும் வெவ்வேறு தொடர்களாகப் பட்டியலிடப்பட்டிருக்கலாம். ஒரே காட்சியை இரு மொழியிலும் பார்க்க வாய்த்தால், முதலில் ஒலியை அணைத்துவிட்டு அவர் கைகளை மட்டும் கவனியுங்கள்.

அவருக்குப் பின் இந்த முறை தொடர்ந்ததா?

தொடர்ந்தது, பெரிதாகவும் வளர்ந்தது. 2013இல் அபெரிஸ்ட்வித் பகுதியில் எடுத்த 'அ குயித்', ஆங்கிலத்தில் 'ஹின்டர்லாண்ட்', இதே அடுத்தடுத்துப் படமாக்கும் முறையில் வந்து பல நாடுகளுக்குப் போனது. அதன் நாயகன் ரிச்சர்ட் ஹாரிங்டனும் மெர்த்தர்க்காரர். 2017இல் 'இன் போரே மெர்ஹர்', 2018இல் 'க்ரைத்' ஆகியவையும் அதே வழியில் வந்தன. இன்று வேல்ஸில் ஓர் இளம் நடிகர் இரண்டு மொழி வசனத்தாள்களையும் கையில் வாங்கிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போவது சாதாரணம். மேடக்குக்கு அது அறுபது வயதை நெருங்கும்போதுதான் கிடைத்தது.